கார்க்களாவில் மூன்று முறை மறைந்த சான்றிதழ்கள்

"ஒன்பது வருஷமா என்கிட்ட வேலை பார்க்குற பொம்பளைய திங்கட்கிழமை வெளிய அனுப்பப் போறேன், மேடம். அதுக்கு முன்னாடி, நான் செய்யுறது சரிதானான்னு யாராவது சொல்லணும்."

மங்களூர் ஹம்பன்கட்டாவில் இருந்த விசாரணை அலுவலகத்தில், நாற்காலியில் உட்காரும் முன்பே வாமன் காமத் இதைச் சொல்லிவிட்டார். பத்மினி பங்கேரா அவரை உட்காரச் சொன்னார். வங்கி ஒன்றில் இருபது வருடம் கணினித் தணிக்கை பார்த்துவிட்டு, இப்போது தனியாக விசாரணைகள் எடுத்துச் செய்பவர் பத்மினி. அவருடைய கூட்டாளி கிஷோர் ரை, முன்பு காப்பீட்டுக் கம்பெனிக்கு விசாரணை செய்தவர், ஏற்கெனவே நோட்டுப் புத்தகத்தைத் திறந்திருந்தார்.

காமத்துக்குக் கார்க்களாவில் முந்திரித் தொழிற்சாலை. ஆர்டர், சரக்கு, ஆட்கள், லாரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க, மங்களூரில் இருக்கும் சுதீந்திரா என்ற இளைஞர் தனியாளாக ஒரு இணையச் செயலி கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் முன்பு அதில் ஒரு வசதி சேர்ந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சரக்கின் தரச் சான்றிதழையும் படமெடுத்து அதில் ஏற்றி வைக்கலாம். அந்த வேலை லவினா லோபோவுடையது.

"மூணு தடவை மொத்தமும் போயிடுச்சு," என்றார் காமத். "பட்டியல்ல பேரு இருக்கு, தொட்டா உள்ள ஒண்ணும் இல்ல. மூணாவது தடவை போனப்ப, வெளிநாட்டுலருந்து வந்த வாடிக்கையாளர் என் எதிர்லயே உட்கார்ந்திருந்தாரு. அந்தப் பக்கத்தோட கடவுச்சொல் லவினாகிட்ட மட்டும்தான்."

"போட்டிக் கம்பெனி வேலைக்கு இழுத்திருப்பாங்க," என்றார் கிஷோர்.

"வேற எதாவது போச்சா?" என்று பத்மினி கேட்டார்.

"ஒரு வரிகூட இல்ல."

பத்மினி அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அவர்கள் கார்க்களா போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ஒரு சிறிய கார் நின்றது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு, காமத் வரச் சொல்லியிருந்த சுதீந்திரா உள்ளே வியர்த்துக் கொண்டிருந்தார். கிஷோர் கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள வாங்க, மாராயா. வெந்துடுவீங்க."

"நீங்க போங்க சார். இதோ வர்றேன்."

அவர் உள்ளே வந்தபோது மணி ஒன்பது ஐந்து.

"போன்கூடப் பேசல, பத்மினியக்கா. சும்மா உட்கார்ந்திருந்தான்," என்று கிஷோர் கிசுகிசுத்தார். "ஆனா அந்த மூணு நாளும் மங்களூர விட்டு நகரல. விசாரிச்சுட்டேன்."

லவினாவின் மேசை சுத்தமாக இருந்தது. அவருடைய பொருள்கள் ஏற்கெனவே ஒரு துணிப்பையில் இருந்தன.

"நானே அழிச்சிருந்தா, ஒவ்வொரு தடவையும் ஆய்வுக்கூடத்துல போய் நின்னு கெஞ்சி நகல் வாங்கிட்டு வருவேனா?" என்று அவர் கேட்டார். "அசல் சரக்கோட கப்பல்ல போயிடுது. மூணாவது தடவை, 'உங்களுக்கு வேற வேலை இல்லையாம்மா'ன்னு கேட்டுட்டாங்க."

"எத்தனை மணிக்குப் போச்சுன்னு தெரியுமா?"

"நிமிஷக் கணக்கா தெரியாது. முதல் தடவை வெள்ளிக்கிழமை. பதினொண்ணே முக்காலுக்கு ஒண்ணத் திறந்து பார்த்தேன், இருந்துச்சு. பன்னெண்டே காலுக்கு இல்ல. அடுத்தது புதன்கிழமை. ஒண்ணே காலுக்கு இருந்துச்சு, ஒண்ணே முக்காலுக்கு இல்ல. போன வியாழன், வாடிக்கையாளர் ரெண்டரைக்குப் பார்த்தாரு. மூணே காலுக்கு மறுபடி தொட்டாரு, காலி."

"சாப்பாட்டு நேரத்துல யாரோ இந்த மேசையில உட்கார்றாங்க," என்றார் கிஷோர்.

"வியாழக்கிழமை மூணு மணிக்கா?" என்று கேட்ட லவினா, அந்த நாளிலும் லேசாகச் சிரித்தார். "எங்க வீட்டுல ஒரு மணிக்கே ஏப்பம் விட்டுடுவோம்."

பதினோரு மணிக்குக் காமத்தின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மங்களூர் போண்டாவான கோளிபஜே ஒரு தட்டில் நடுவில் இருந்தது, யாரும் தொடவில்லை.

"வெள்ளி பன்னெண்டு, புதன் ஒன்றரை, வியாழன் மூணு," என்றார் பத்மினி. "இந்த மூணு நேரத்தையும் ஒட்டித்தான் எல்லாம் போயிருக்கு. வேற வேற நாள், வேற வேற மணி. ஆனா ஒரு விஷயம் பொது. காமத் சார், நீங்க லாரிய எப்ப கிளப்புவீங்க?"

"ராகுகாலம் பார்த்துத்தான்," என்ற காமத் நிறுத்தினார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "மூணும் ராகுகாலம் முடியுற நேரம்."

"லவினா, நீங்க ராகுகாலம் பார்ப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்கு நேரம் பார்ப்பேன். அதுக்கே லேட்டாத்தான் போவேன்."

"இன்னைக்குத் திங்கள். ஏழரையிலருந்து ஒன்பது வரைக்கும் ராகுகாலம். ஒருத்தர் ஒன்பது அடிக்குற வரைக்கும் கண்ணாடி ஏத்தின கார்ல காத்திருந்தாரு."

சுதீந்திரா நாற்காலியில் நிமிர்ந்தார். "செயலியோட புதுப் பதிப்பு ஏத்துறப்ப நேரம் பார்ப்பேன், மேடம். எங்க அப்பா எதையும் ராகுகாலத்துல ஆரம்பிக்க விடமாட்டாரு. அந்த மூணு நாளும் ஏத்தினேன், உண்மைதான். மங்களூர்லருந்தே ஏத்தலாம். ஒரு நிமிஷம்கூட நிக்காது, யாருக்கும் தெரியவே தெரியாது. ஆனா சான்றிதழ்ல நான் கைய வெக்கல."

"தெரியும். அழிக்குறதுக்குன்னு வந்தவன் நல்ல நேரம் பார்த்து வரமாட்டான். நீங்க நல்லது செய்யுறதா நினைச்சுத்தான் செஞ்சீங்க. இப்ப ஒரு படத்த ஏத்துங்க."

சுதீந்திரா கோளிபஜேத் தட்டைப் படமெடுத்துச் சான்றிதழ்ப் பக்கத்தில் ஏற்றினார். திறந்தது. பத்மினி சொன்னபடி செயலியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். படம் இருந்தது.

"இப்ப, புதுப் பதிப்பு ஏத்துற மாதிரியே ஏத்துங்க."

விசைகள் தட்டப்பட்டன. பட்டியலில் படத்தின் பெயர் இருந்தது. தொட்டபோது வெற்றுச் சதுரம் வந்தது.

சுதீந்திரா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க," என்றார் காமத்.

"உங்க சரக்கு துறைமுகத்துக்குக் கண்டெய்னர்ல போகுதில்லையா, அதே பேருதான்," என்றார் பத்மினி. "செயலியும் ஒரு பெட்டிக்குள்ளதான் ஓடுது. புதுப் பதிப்புன்னா புதுப் பெட்டி. பழைய பெட்டிய அப்படியே தூக்கிப் போட்டுடுவாங்க. உங்க ஆர்டர், ஆட்கள், சரக்கு விவரம், சான்றிதழோட பேரு எல்லாம் பெட்டிக்கு வெளிய ஒரு கிடங்குல பத்திரமா இருக்கு. அதான் ஒரு வரிகூடப் போகல. சான்றிதழ் படத்த மட்டும் பெட்டிக்குள்ள இருக்குற இழுப்பறையில வெச்சிருந்தாரு. பெட்டியோட இழுப்பறையும் போச்சு."

"என் மெஷின்ல ஒரு தடவைகூடப் போகலையே," என்றார் சுதீந்திரா. "ஐயோ, அங்க அந்த ஃபோல்டர வெளியதான் வெச்சேன். இங்க வெக்க மறந்துட்டேன். வசதி புதுசு, அதுக்கப்புறம் மூணு தடவைதான் ஏத்தினேன்." அவர் லவினாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க மேல பழி விழுந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தேடியிருப்பேன்."

"தெரியாம செஞ்சதுக்கு எதுக்குத் தம்பி முகத்த இப்படி வெச்சுக்குற? மொதல்ல இழுப்பறைய வெளிய எடுத்து வை."

காமத் தொண்டையைச் செருமினார். "ஆய்வுக்கூடத்துக்கு இந்தத் தடவை நானே போய் நகல் கேக்குறேன். நீ பைய எடுத்து உள்ள வை, லவினா. அவ்வளவுதான்."

லவினா நகரவில்லை. "அவ்வளவுதான் இல்ல, சார். செயலியில ஆட்கள் பக்கத்துல என் பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கு. 'ஆவணங்களை அழித்ததாகச் சந்தேகம்.' வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க போட்டது. நான் பார்த்துட்டேன்."



"அது கிடங்குல இருக்கு," என்றார் சுதீந்திரா மெல்ல. "எத்தனை பெட்டி மாத்தினாலும் போகாது. நான் எடுத்துடறேன், அக்கா."

"வேண்டாம். எழுதினவரு எடுக்கட்டும்."

காமத் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லவினாவின் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். லவினா அவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரி மறைந்தது.

"மூடிட்டு மறுபடி திறங்க, சார்."

அவர் மூடினார். மறுபடி திறந்தார். பெயர் இருந்தது, சேர்ந்த தேதி இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன், லவினா," என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார் காமத்.

"சரி, எழுந்திரிங்க," என்றார் லவினா. "அது என் நாற்காலி."