இரும்பின் எடை

செண்பகவடிவின் நாடகக் குழுவில் ஒத்திகை என்ற வேலையே ஒழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நெற்றியில் பாத்திரப்பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். ஒருவரைப் பற்றி எழுதியது, பேசியது எல்லாவற்றையும் திரட்டி அது மூளைக்குள் இறக்கிவிடும். அடுத்த நிமிடமே நடிகன் அவராகிவிடுவான்.

மறுநாள் நாடகம். பட்டை சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, அன்று இளம்பரிதி, மதகுக் காவலர் வீரபாகுவாகி மேடையில் ஓடினான். கண்களில் மரண பயம். கையில் மதகைத் திறக்கும் திருகுபிடி.

“நிறுத்துங்க!”

முன்வரிசையிலிருந்து அம்பலவாணன் எழுந்தார். வீரபாகுவின் பேரன். குளம் உடைந்து ஊர் மூழ்கிய அன்று, வடமதகை விட்டுப் பயந்தோடிய வீரபாகு தென்கரையில் பிணமாகக் கிடந்தார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பழியால் கோயில் கொடை விழாவில் அவர் வீட்டார் முன்னால் நின்றதே இல்லை. நாளை அது மேடையும் ஏறிவிடும்.

“எங்க தாத்தா கோழை இல்ல.”

“அண்ணாச்சி, நாங்களா சொல்லுதோம்? பட்டை சொல்லுது” என்றாள் செண்பகவடிவு.

“ஊர் சொன்னதைத்தானம்மா அது சொல்லுது? சரி, கையிலயாவது பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம்.” துணி சுற்றிய ஒன்றை மேடைமேல் தள்ளினார். பிணத்தின் கையிலிருந்து எடுத்த அதே திருகுபிடி. “எங்க வீட்டு இரும்பு. அந்தப் பட்டையைக் கழத்திட்டு இதைப் பிடிச்சு ஓடட்டும்.”

இளம்பரிதி கழற்றினான். தூக்கி ஓடினான். நாலடியில் மூச்சு முட்டியது. மார்போடு அணைத்துப் பார்த்தான். தோளில் வைத்துப் பார்த்தான். நடக்கலாம், ஓட முடியாது. நின்றுவிட்டான்.

“ஐயா, உசுருக்குப் பயந்தவன் இதை மொதல்ல கீழ போட்டுட்டுல்லா ஓடுவான்? இவரு விடலியே. எங்கயோ கொண்டு போயிருக்காரு.”

“தென்மதகுக்கு” என்றாள் செண்பகவடிவு மெதுவாக. “ரெண்டு மதகுக்கும் ஒரே பிடிதான்.”

அவன் மறுபடி நடந்தான். தோள் இறங்கியது, பல் கடிபட்டது. கண்ணில் பயமில்லை, அவசரம் மட்டுமே.

அம்பலவாணன் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் விறைப்பாக வைத்திருந்த முதுகு நாற்காலியில் சாய்ந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

இளம்பரிதி வியர்வையைத் துடைத்தான். “ஒரு சந்தேகம் ஐயா. வடமதகைத் திறந்துட்டுப் போனாரா, திறக்காமலே போனாரா? இன்னொரு தடவ நடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்.”

முதுகு மீண்டும் நிமிர்ந்தது.

“வேண்டாம் தம்பி. இதுவே நிறைவு.” கீழே கிடந்த பட்டையைத் தன் துண்டால் துடைத்து அவனிடம் நீட்டினார். “இப்ப நடிச்சதை அப்படியே இதுல ஏத்திருங்க. இனிமே யாரும் ஒத்திகை பாக்க வேண்டாம்.”