உள்பூச்சு இல்லாத தண்டு

லைட்டர் ஜன்னலோரத்தில் கிடந்தது, அதை யாரும் தொடவில்லை; ஆனாலும் மேஜை மேலிருந்த குழலின் மூடி 'டிக்' என்றது.

அந்தச் சத்தம் லூஷாவுக்கு அத்துப்படி. காய்ந்த கஞ்சா இலையை எரிக்காமல் சூடு மட்டும் காட்டி இழுக்கிற சின்னக் குழல் அது. மூடியைத் தீயில் பிடித்தால் பதம் வந்ததும் ஒரு டிக், ஆறியதும் இன்னொரு டிக். தீயே காட்டாமல் சத்தம் வர வழியில்லை. நாலு மணிக்கே மலைக்குப் பின்னால் வெயில் போய்விடுகிற கூட்டனி பள்ளத்தாக்கின் குளிரில் உலோகம் சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிக்கொண்டிருந்த சூளையின் வாசனையும் பின்கட்டிலிருந்து வந்த முட்டைக்கோஸ் சூப்பின் வாசனையும் கலந்த பட்டறையில், கைக்குட்டையால் அதைத் துடைத்து வைத்தாள்.

அந்தக் குழல்களுக்குக் கண்ணாடித் தண்டு செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பிடித்த நிறத்தில் கேட்பார்கள், கோலிக்குண்டு பதித்துக் கேட்பார்கள். சிலர் செத்துப்போன நாயின் சாம்பலை, அம்மாவின் சாம்பலை ஒரு சிட்டிகை கொண்டுவந்து கண்ணாடிக்குள் வைத்துத் தரச் சொல்வார்கள். அதற்கு ஒரே ஒரு விதி: உள்ளும் புறமும் தெளிந்த கண்ணாடி பூசிவிட வேண்டும், ஒரு துகள்கூடத் திறந்திருக்கக் கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஓதியவள், தன் புருஷன் பாவெலின் சாம்பலை வைத்து இந்தக் குழலில் மாட்டியிருந்த தண்டுக்கு மட்டும் உள்பக்கம் பூசவில்லை.

இதே பட்டறையின் கண்ணாடித் தூசி பாவெலின் நுரையீரலைக் கல்லாக்கிவிட்டிருந்தது. கடைசி மாதம் முழுக்கப் படுக்கவும் முடியாமல், கட்டிலில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையே கேட்டான்: "கொஞ்சம் காத்து குடு, லூஷா." கொடுக்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை அவளுக்கு.

பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு நாஸ்தியா உள்ளே வந்தாள். பாவெலின் தங்கை. கையில் ரொட்டி.

"என்ன அண்ணி, அண்ணனை இழுத்து முடிச்சாச்சா?"

"வாயைப் பாரு உனக்கு!"

சிரித்துக்கொண்டே தண்டை எடுத்து விளக்கில் பிடித்தவளுக்குச் சிரிப்பு நின்றது. "உள்ள பூசலையா நீங்க?"

"பூசினா அவர் மேல என் மூச்சு படாதேடி."

"ஊருக்கெல்லாம் ஒரு பேச்சு, உங்களுக்கு ஒரு பேச்சா? நம்ம ஆளுங்க செத்தவங்களை எரிக்கிறதே கிடையாது, புதைக்கிறதுதான். நீங்க எரிச்சதுமில்லாம..." குரல் தணிந்தது. "முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. மாடி ஏறினாலே இரைக்குதுன்னு வேற சொல்றீங்க. மண்ணுல போட்டுருங்க அண்ணி. இன்னிக்கே."

"சரி, போடறேன். நீ கிளம்பு, ரோடு உறைஞ்சிடப் போகுது."

கார் சத்தம் ஆற்றுப் பாலம் வரை கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை, பனி விழுகிற ஊரில் மட்டும் இருக்கிற அந்தப் பஞ்சடைத்த அமைதி, அதற்குள் சூளையின் செங்கல் ஆறும் முனகல், அதற்கும் அடியில் வேறு ஏதோ மெல்லிய ஒன்று. லூஷா திரும்பிப் பார்த்தாள். மேஜை மேல் யாரும் தொடாமல் குழலோடு கிடந்த தண்டின் உள்பக்கம் வெளுத்திருந்தது. வாய் வைத்து ஊதினால் ஜன்னல் கண்ணாடி வெளுக்குமே, அப்படி. பிறகு தெளிந்தது. மறுபடி வெளுத்தது.

உடைத்துவிடலாம். சுத்தியல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். உள்ளே போகும்போது ஒரு விக்கல், வெளியே வரும்போது ஒரு இழுப்பு. எத்தனை இரவு பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

"பாவெல்?"

டிக்.

எடுத்தாள். வாய் வைக்கும் முனை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக. மண்ணில் போடுமுன் ஒரே ஒரு தடவை, தீ இல்லாமல், முத்தம் மாதிரி. உதட்டில் வைத்தாள்.

அவள் இழுக்கவில்லை.

அது இழுத்தது.

உதடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினாள். வரவில்லை. நெஞ்சு ஒடுங்கியது. விலா எலும்பு உள்வாங்கியது. தண்டுக்குள் வெள்ளை வெள்ளையாக அவள் மூச்சு. அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. எங்கோ போனது. இன்னும். இன்னும் கொஞ்சம்.

முழங்கால் மடிந்தது. தரை. சில்லென்ற சிமெண்டு. தண்டு உதட்டை விட்டு உருண்டு, கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றது. வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. கண் மட்டும் பார்த்தது.

கண்ணாடி வெளுத்தது. தெளிந்தது. வெளுத்தது. நிதானமாக.

பாவெலுக்கு இப்போது இரைப்பே இல்லை.