கணினியோடு பேசாத கருவி

அன்று காலை வழக்கம்போல் வீட்டை எடை போட்டபோது நூற்றுப் பதினான்கு கிராம் கூடுதலாக இருந்தது.

சுழல்நகரம் ஏழில் இது சின்ன விஷயமில்லை. வியாழனைச் சுற்றிவரும் அந்த நகரம் ஒரு மாபெரும் சக்கரம். ஒரு பக்கம் கனம் ஏறினால் மொத்தமும் ஆட்டம் கொடுக்கும். ஆகவே அங்கே வாழும் நாலாயிரம் பேருக்கும் ஒரே சட்டம்தான். பயனுள்ள பொருள் வீட்டில் இருக்கலாம். பயனற்றது உருக்குக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். எது பயனுள்ளது என்று சொல்வதற்கு ஒரு துறை இருந்தது. அந்தத் துறையால் என்ன பயன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

“அடையாளம் தெரியாத பொருள் ஒன்று,” என்றது வாசற்கதவு. “மூன்று நாளில் பயனை நிரூபிக்கவும். தவறினால் உருக்கப்படும்.”

பொன்னுரங்கம் மனைவியைப் பார்த்தார். சம்பூரணம் கூரையைப் பார்த்தாள்.

“மறுபடியும் வாங்கிட்டியா?”

“வாங்கலைங்க. மாத்திக்கிட்டேன். பழைய இரும்புக் கப்பல் வந்துச்சில்ல, அதுல இருந்த மெக்கானிக்குக்குப் பாயசத்தக் குடுத்தேன்.”

“எந்தப் பாயசம்?”

“பொங்கலுக்கு வரப்போற பாயசம்.”

“என் பங்குமா?”

“ரெண்டு பங்கும் கேட்டான். அவன்மேல தப்பில்ல, பொருள் அப்படி!”

சம்பூரணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பூமியின் பழங்காலக் கணினிகளுக்கான துணைக்கருவிகளைச் சேகரிப்பதும், அவற்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எப்படி வேலை செய்கின்றன என்று கண்டுபிடிப்பதும் அவளுடைய பைத்தியம். பின்னறையில் 2020களைச் சேர்ந்த கணினி ஒன்றை உயிரோடு வைத்திருந்தாள். அதைச் சுற்றி அவளுடைய செல்வங்கள்: வாங்கியவரே கண்மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்த ஒரு கேமரா, எந்தத் தாளைக் கொடுத்தாலும் பாதி விழுங்கிவிட்டு நின்றுவிடும் ஓர் அச்சுப்பொறி. அச்சுப்பொறிக்குப் ‘பொறுமைப் பயிற்சிக் கருவி’ என்று பயன் சான்று வாங்கியிருந்தாள். லேசுப்பட்டவள் இல்லை.

புதிதாக வந்தது குட்டி ஊத்தப்பம் அளவில் ஒரு கறுப்புத் தட்டு. நடுவில் ஒரு திறப்பு, அதற்குள் கோடு போட்ட ஒரு சக்கரம், பின்னால் ஓர் ஒயர். கணினியில் செருகியதும் சக்கரம் கொஞ்சம் திரும்பியது, நின்றது, பிறகு மறுபக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

ஒயரைப் பிரித்ததும் சம்பூரணம் “ஐயையோ!” என்று கத்தினாள். பொன்னுரங்கம் பதறி ஓடிவந்தார்.

“ஷாக் அடிச்சிருச்சா?”

“இல்லைங்க. இதுல கரண்டு போற கம்பி மட்டும்தான் இருக்கு. சேதி போற கம்பியே இல்ல! கம்ப்யூட்டர்கூட இது பேசவே பேசாது!”

“அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிற?”

“இத்தன வருஷத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லைங்க!”

ஊசிமுனைகளை வைத்து, சில்லுக்குள் இருந்த நிரலை எழுத்து எழுத்தாக வெளியே எடுத்தாள். பதினேழு விநாடி சும்மா இரு. இடப்பக்கம் திரும்பு. நாற்பத்தொரு விநாடி சும்மா இரு. வலப்பக்கம் திரும்பு. அது எதையும் அளக்கவில்லை, எதையும் எண்ணவில்லை. அதைச் செய்தவர்கள் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் படாத பாடு பட்டிருந்தார்கள்: இடைவெளி ஒருமுறைகூட ஒரே மாதிரி வந்துவிடக் கூடாது. இயந்திரம் திருப்புகிறது என்று யாருக்கும் தோன்றக் கூடாது.

ஏன்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். “சாமி சமாச்சாரமா இருக்கும்,” என்றார் பொன்னுரங்கம். சேகரிப்பாளர் சங்கத்தில் ஒருவர் குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான் என்றார், இன்னொருவர் கெட்டுப்போன கடிகாரம் என்றார். உருக்குக்கூடத்துக்கு இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. சம்பூரணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, தட்டைத் திரும்பப் பூட்டிக் கணினியில் செருகியவள், மேசையில் இடமில்லாமல் கணினியின் மவுஸைத் தூக்கித் தட்டின்மேல் வைத்தாள். மவுஸின் கண் சரியாகச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தது. திரையில் இருந்த அம்பு தானாக நகர்ந்தது.

“நடக்குதுங்க! அம்பு தானா நடக்குதுங்க!”

அம்பு எங்கும் போய்ச் சேரவில்லை, எதையும் திறக்கவில்லை, சும்மா உலாத்திக்கொண்டிருந்தது. அந்தக் கணினியில் மிஞ்சியிருந்த ஒரே மென்பொருள் ஏதோ ஓர் அலுவலகத்தின் அரட்டைப் பலகை. அதில் ஊழியரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். மவுஸைத் தட்டிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் வட்டம் மஞ்சளானது. தட்டின்மேல் வைத்தால் பச்சை. வைத்துவிட்டுப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் பச்சை.

சம்பூரணம் தன் விரலைப் பார்த்தாள்.

சுழல்நகரத்தில் எல்லா வேலையையும் எந்திரன்கள் செய்தன. அவற்றை மேற்பார்வையிடுவதுதான் மனிதர்களின் வேலை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, நெற்றிக்குள் பதித்த பொறி காட்டும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கிறோம் என்பதற்கு விரலில் போட்ட மோதிரம் சாட்சி. ஐந்து நிமிடம் மோதிரம் அசையாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டம் மஞ்சளாகும். மறுநாள் குளிக்க வெந்நீர் வராது. தொண்ணூறு வருடமாக எந்திரன்கள் ஒரு தவறும் செய்யவில்லை. தொண்ணூறு வருடமாக மனிதர்கள் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பயனாய்வாளர் ஞானதிரவியம் பதினொரு மணிக்கு வந்தார். பேச்சுக்கு நடுவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரலை ஆட்டிக்கொண்டார். ஊரில் எல்லாருமே அப்படித்தான்.

“சொல்லுங்கம்மா. இதனால என்ன பயன்?”

“இது ஓடினா, ஆளு வேலை செய்யற மாதிரி தெரியும் சார்.”

“யாருக்கு?”

“மேனேஜருக்கு.”

“அப்ப ஆளு எங்க இருப்பான்?”

“தூங்கிட்டிருக்கலாம். துணி காயப் போட்டுட்டிருக்கலாம். பிள்ளைய ஸ்கூல்ல விடப் போயிருக்கலாம்.”

“அந்த மேனேஜர் என்ன மடையனா? கண்டுபிடிக்க மாட்டாரா?”

சம்பூரணம் தட்டைத் திருப்பிக் காட்டினாள். அடியில் மங்கிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘மேலாளர் அறை. எடுத்துச் செல்லக் கூடாது.’

ஞானதிரவியம் சீட்டை இரண்டுமுறை படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி அந்தச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. அவருடைய வட்டம் பச்சையாகவே இருந்தது.

“முப்பத்தோரு வருஷம்மா,” என்றார். “இந்த விரலு இன்னைக்குத்தான் சும்மா இருக்கு.”

அவர் எழுதிய சான்று துறை வரலாற்றிலேயே மிகச் சிறந்தது. ‘குடிமக்களின் தொடர் விழிப்பை உறுதிசெய்யும் கருவி. வகை: இன்றியமையாதது.’ ஆக்சிஜன் பம்புக்கு மட்டுமே அதுவரை கிடைத்த வகை அது. சம்பூரணம் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் தட்டாமாலை சுற்றினாள்.

மறுநாள் இரண்டு எந்திரன்கள் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இன்றியமையாத பொருளைத் தனியார் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதையும் சட்டம் சொல்லியிருந்தது.

துறையில் ஒவ்வோர் அதிகாரியும் அதைச் சொந்தமாகச் சோதித்துப் பார்க்க விரும்பினார். பிறகு தொழிற்கூடம் நாலாயிரம் பிரதிகள் செய்தது. மொத்தம் நானூற்று ஐம்பத்தாறு கிலோ. எடையைச் சரிக்கட்ட நூலகத்தின் நாற்காலிகளை உருக்கினார்கள். வீட்டுக்கு வீடு தட்டு சுழன்றது, பூங்காக்கள் நிரம்பின, பொன்னுரங்கம் வேலை நேரத்தில் கேரம் ஆடப் பழகினார். சம்பூரணத்துக்கும் ஒரு பிரதி வந்தது. அவள் அதைத் தொடவில்லை. புதுச் சரக்கை வைத்துக்கொண்டு ஒரு சேகரிப்பாளர் என்ன செய்வது? மேலாளர் அறைச் சீட்டு ஒட்டிய அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். மேல்முறையீடு செய்தாள்.

மூன்று மாதம் கழித்து விசாரணை வந்தது. குழுவில் ஒன்பது பேர்; நகரத்துக்குச் சட்டம் போடுவதும் அவர்கள்தான். நெற்றிப்பொறியிலேயே கூட்டம். ஒன்பது பெயர்கள், ஒன்பது பச்சை வட்டங்கள். சம்பூரணம் நாற்பது நிமிடம் உருக்கமாகப் பேசினாள், கடைசியில் அழுதேவிட்டாள். ஒருவர்கூடத் தொண்டையைச் செருமவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் மறுப்பு வராவிட்டால் கோரிக்கை நிறைவேறியதாகப் பொருள் என்பது குழுவின் விதி. பத்து நிமிடம் கழிந்தது. நிறைவேறியது. எந்திரன் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தது.

சம்பூரணத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இன்னொரு தீர்மானம். மேற்பார்வை வேலை இன்னையோட ஒழிஞ்சது. வட்டம் என்ன நிறமா இருந்தாலும் எல்லாருக்கும் வெந்நீர் உண்டு. ஆட்சேபணை?”

இல்லை. சட்டமானது. நாலாயிரம் நெற்றிகளுக்கும் மணியோசையோடு அறிவிப்பு போயிற்று. அவள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவின் கூச்சலுக்காகக் காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. கேரம் ஆடுகிறவர்கள் எவரும் அறிவிப்பைத் திறந்து பார்க்கவில்லை.

பொன்னுரங்கம் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள். “ஏங்க, வேலைய ஒழிச்சிட்டேன்!”

“அப்படியா? ரொம்ப நல்லது. எழுத்துல வரட்டும்.”

“வந்துருச்சுங்க! உங்க நெத்தியிலயே இருக்கு.”

“எண்ணூறு சேதி படிக்காம கெடக்கு. எப்பவாவது பாக்கிறேன்,” என்றார் அவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இல்லாத வேலைக்கு, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் ஒரு விநாடிகூடத் தாமதமில்லாமல் பச்சையாக வந்து சேர்ந்தார்கள். பொன்னுரங்கமும் மோதிரத்தைத் தன் தட்டில் வைத்துவிட்டு, “எதுக்கும் இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சம்பூரணம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டத்தை எழுதியவள் அவள். பயப்பட என்ன இருக்கிறது? ஐந்தாம் நிமிடம் அவளுடைய வட்டம் மஞ்சளானது. நகரத்திலேயே அது ஒன்றுதான் மஞ்சள். ஆறாம் நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நிமிடம் எழுந்துபோய் அந்தப் பழைய தட்டைக் கணினியில் செருகி, மோதிரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.