மெழுகுக்குக் கீழே இருந்த கரி

"எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க, மார்லிஸ். எனக்கு ஆறுதல் வேண்டாம். என் பையனை நான்தான் கொன்னேன்னு ஒருத்தர் நேரா என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

ஆர்விட் ட்வைட் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, மார்லிஸ் க்வாமியின் சமையலறைத் தரையில் ஓடியது. மாவட்டக் காவல் துறையில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்ற மார்லிஸ் காப்பியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். மேசையின் மறுமுனையில் ஓரின் லுண்ட் உட்கார்ந்திருந்தான். ஊரின் சவ அடக்க நிலையம் அவனுடையது. மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரியும் அவனே. ஆர்விட்டின் மகன் டேலின் சாவை விபத்து என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் அவன்தான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க, ஆர்விட்," என்றாள் மார்லிஸ்.

மொன்டானாவின் அந்தப் பக்கத்தில் குளிர்காலம் என்றால் வீட்டின் கீழறைதான் உலகம். ஆர்விட்டும் அவருடைய மூத்த மகன் டேலும் கோடையில் நடக்கும் துரித உருவல் போட்டிகளுக்கு அங்கேதான் பயிற்சி செய்வார்கள். இடுப்பு உறையிலிருந்து ரிவால்வரை உருவி, கண் இமைப்பதற்குள் சுட வேண்டும். வீட்டுக்குள் உண்மையான தோட்டாவைச் சுட முடியாது. அதனால் மெழுகுத் தோட்டா. தோட்டாக் கூட்டில் வெடிமருந்து இருக்காது. அடியில் உள்ள பற்றவைக்கும் பொட்டு மட்டும் வெடித்து மெழுகைத் தள்ளும். தடித்த திரைத்துணியில் பட்டு மெழுகு உதிர்ந்துவிடும். காலில் பட்டால் நீலம் பாரிக்கும், அவ்வளவுதான். உண்மையான தோட்டாவோடு கலந்துவிடக் கூடாது என்று மெழுகுக் கூடுகளுக்கெல்லாம் ஆர்விட் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்.

"சாயம் பூசினது நான். மெழுகு அடைச்சது நான். டப்பாவில போட்டுக் கொடுத்தது நான்," என்றார் ஆர்விட். "அன்னிக்கு மனசு சரியில்ல. காலையில எங்க கிழட்டுக் குதிரை பனியில வழுக்கிக் காலை ஒடிச்சுக்கிச்சு. எனக்குச் சுட மனசு வரல. சின்னவன் நெல்ஸ்தான் முடிச்சு வச்சான். நான் அதே நினைப்பில மெழுகு அடைச்சுட்டு டவுனுக்குப் போனேன், பழுது பார்க்கக் கொடுத்த ரைஃபிள் ரெடியான்னு கேட்க. திரும்பி வந்தா வாசல்ல ஆம்புலன்ஸ்."

ஓரின் தொண்டையைச் செருமினான். "கீழ நாலு சிவப்புக் கூடு கிடந்தது. எல்லாம் சுட்டது. துப்பாக்கிக்குள்ள சாயம் பூசாத கூடு ஒண்ணு, அதுவும் சுட்டது. நாலு தடவை மெழுகு வந்திருக்கு, அஞ்சாவதா நிஜம் வந்திருக்கு. உருவும்போதே வெடிச்சு, தொடையில பெரிய ரத்தக் குழாயைக் கிழிச்சிடுச்சு. சில நிமிஷம்தான்."

"சுடறதுக்கு முன்னாடி டேல் என்ன பண்ணுவான்?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"வெறும் துப்பாக்கியை உருவிக் கையைப் பழக்குவான். அப்புறம்தான் தோட்டா போடுவான்."

"துப்பாக்கி இப்ப எங்கே?"

"போலீஸ் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கட்டின துணியை நான் அவிழ்க்கல."

மறுநாள் மதியம் ட்வைட் பண்ணையின் கீழறையில் மார்லிஸ் அந்தத் துணியை அவிழ்த்தாள். தோட்டா போடும் உருளையைக் கழற்றி, வெண்மையான துணித்துண்டு ஒன்றைக் குழலுக்குள் மெதுவாகச் செலுத்தினாள். வெளியே வந்த துணியில் மெழுகுப் பிசுக்கு. இரண்டாவது துணியிலும் மெழுகு. மூன்றாவதில்தான் கரி வந்தது.

"மெழுகும் இருக்கு, கரியும் இருக்கு. சரியாத்தானே இருக்கு, அம்மணி?" என்றான் ஓரின் ஆவலோடு.

"எது மேல, எது கீழன்னு பாரு, ஓரின்."

அவன் பார்த்தான். முகத்திலிருந்த ஆவல் வடிந்தது.

"நிஜத் தோட்டா கடைசியா வந்திருந்தா, அதோட நெருப்பு முன்னாடி இருந்த மெழுகை உருக்கித் துடைச்சிருக்கும். மேல கரிதான் இருக்கணும். இங்க கரி கீழ, மெழுகு மேல. அப்படின்னா முதல்ல நிஜத் தோட்டா. அதுக்கப்புறம் மெழுகு."

"தொடை கிழிஞ்சவன் எப்படி நாலு தடவை..."

"அந்த நாலையும் அவன் சுடல, அவன் விழுந்த அப்புறம் வேற ஒருத்தர் சுட்டது. அவன் கையைப் பழக்கிட்டிருந்தப்போ, வெறும் துப்பாக்கின்னு நினைச்சு உருவியிருக்கான், வெடிச்சிடுச்சு. அதுக்குள்ள ஏற்கெனவே ஒரு தோட்டா இருந்திருக்கு. ஆர்விட் கொடுத்த டப்பாவை அவன் அப்போ திறக்கவே இல்ல."

ஓரின் படியில் உட்கார்ந்துவிட்டான். "நான் கையெழுத்துப் போட்டேனே, மார்லிஸ்."

"திருத்தி எழுதலாம். மேல போய் ஆர்விட்டையும் நெல்ஸையும் கூப்பிடு. இல்ல, வேண்டாம். நாமே போவோம்."

சமையலறையில் ஆர்விட் ஜன்னலோரம் இருந்தார். நெல்ஸ் அடுப்பருகே நின்றான். முப்பது வயதுக்காரன், இந்த ஒரு மாதத்தில் தோள்கள் குறுகிப் போயிருந்தன. மார்லிஸ் குழலில் கண்டதை நிதானமாகச் சொன்னாள்.

"நெல்ஸ், குதிரையை எதால சுட்டே?" என்று அவள் கேட்டாள்.

"ரைஃபிளால."

"ரைஃபிள் டவுன்ல பழுதுக்குக் கிடந்தது. உங்கப்பா அதைக் கேட்கத்தான் அன்னிக்குப் போனார்."

நெல்ஸ் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ மாட்டியிருந்த ரிவால்வரை எடுத்துட்டுப் போனேன்," என்றான் கடைசியில். "ரெண்டு தோட்டா போட்டேன். அது துடிச்சுட்டிருந்தது. ஒண்ணுலயே அடங்கிடுச்சு. அழுதுட்டே வந்து, அப்படியே உறையில சொருகிட்டேன். இன்னொண்ணு உள்ள இருக்குன்னு நினைப்பே இல்ல. அப்புறம் சத்தம் கேட்டு ஓடினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சேன். நிக்கல அப்பா. நிக்கவே இல்ல. அவன் போன அப்புறம்தான்... அந்த டப்பாவைப் பார்த்தேன். குதிரைக்குச் சுட்ட கூட்டை எடுத்து ஒளிச்சுட்டு, நாலு சிவப்புக் கூட்டைத் திரையில சுட்டுக் கீழ போட்டேன்."

"என்னை ஏன்டா?" ஆர்விட்டின் குரல் மிகச் சிறியதாக இருந்தது. "ஒரு மாசமா நான் தூங்கலைடா. இதே மேசையில எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தியே."

"உங்களையே நீங்க மன்னிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன். என்னை மன்னிக்க மாட்டீங்கன்னு பயந்தேன். தினமும் காலையில சொல்லணும்னுதான் கீழே இறங்கி வருவேன்."

ஓரின் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஏதாவது சொன்னானா?" என்று ஆர்விட் கேட்டார்.

நெல்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "'உருளையைப் பார்க்க மறந்துட்டேன், அப்பாகிட்ட சொல்லிடாதே, திட்டுவார்'னான். சிரிக்கப் பார்த்தான்."

ஆர்விட் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். உருவுமுன் உருளையைத் திறந்து பார் என்று அந்தப் பையனுக்கு எட்டு வயதில் சொல்லிக் கொடுத்தவர் அவர். பெரிய உடம்பு சத்தமில்லாமல் குலுங்கியது. மார்லிஸ் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் அதைத் தள்ளவுமில்லை, ஏற்கவுமில்லை.

வெகுநேரம் கழித்து நெல்ஸ் மேலங்கியை எடுத்தான். "ஷெரிஃப்கிட்ட நானே போய்ச் சொல்றேன். ஓரின், கூட வர்றீங்களா?"

ஓரின் தலையசைத்தான். இருவரும் கதவை நெருங்கியபோது ஆர்விட் தலை நிமிர்த்தாமலே பேசினார்.

"இன்னிக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால முடியாது, நெல்ஸ்."

"சரிப்பா."

"நாளைக்கும் முடியுமான்னு தெரியல." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்துடு. ரோட்டுல பனி கட்டியிருக்கு. மெதுவா ஓட்டு."