ஜெசிந்தாவுக்கு ஒரு வாந்தி

அன்று காலையில் பெர்க்மான்ஸ் எடுத்த வாந்தியில் தெருக் காக்கைகள் மொத்தமும் தூத்துக்குடியைக் காலிசெய்து திருச்செந்தூருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இத்தனைக்கும் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. நலம் விசாரிக்க வந்த பழைய சிநேகிதன் மடியில் ஒளித்துக் கொண்டுவந்த பிராந்திக் குப்பியின் மூடியைத் திருகினான், அவ்வளவுதான்.

"வேலை செய்யுது எக்கா!" என்று அவர் மனைவியிடம் துள்ளினாள் சுபேதா. பிழைக்க வழியில்லாத நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் நர்ஸ் அவள். பெர்க்மான்ஸின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் குமட்டி என்னும் சின்னக் கருவியை நேற்றுத்தான் ஒட்டியிருந்தாள். மனம் எதற்கு ஏங்கினாலும் குமட்டி மோப்பம் பிடித்துவிடும். அடுத்த நொடியே அதன்மேல் செத்த எலியின் நாற்றத்தைப் பூசிவிடும். வலிமருந்துக்கு மட்டும் விலக்கு. ஈரலில் புற்று முற்றிய மனிதர். வலிமருந்தோடு சரக்கும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

"குடிய அடைச்சா மனசு வேற ஒண்ணுக்கு ஓடும் எக்கா. குமட்டியும் பின்னாலயே ஓடிப் புடிச்சிரும்."

ஓடிப் பிடித்தது. மூக்குப்பொடி மட்டைக்குக் குமட்டினார். இருமல் டானிக்குக்குக் குமட்டினார். நெத்திலிக் கருவாட்டுக்கு வீடே மிதந்தது. முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய துறைமுகத்திலிருந்து சங்கு ஊதினால் அதற்கும் ஒரு வாளி. மனைவி ஜெசிந்தா சேலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டிலுக்கும் குளியலறைக்கும் ஓடினாள். அந்த நாற்றத்தை உள்ளபடி எழுதினால் தாள் சுருண்டுகொள்ளும்.

வாளியைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து அவர் எதிரே நிற்பவள் அவள்தான். அவளைப் பார்த்து ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

"ஏட்டி சுபேதா, என்னையப் பாத்தா மட்டும் ஏன் குமட்டல?"

"கருவாட்டுக்கு ஏங்குத மாதிரி உங்களுக்கும் ஏங்குனாத்தான எக்கா!" என்று சிரித்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாற்பது வருஷக் குடித்தனம். அதில் பாதி, ‘இதான் கடைசி’ என்று சத்தியம் செய்பவரைச் சாராயக் கடை வாசலிலிருந்து தோளில் சாய்த்துக் கூட்டிவந்ததிலேயே போயிற்று. சாகுமுன் ஒரு தடவையாவது இந்த மனிதருக்குத் தான் வேண்டும் என்று இருக்குமா? ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தாக வேண்டும். கல்யாணப் பட்டுச் சேலையை உடுத்தி, மல்லிகை வைத்துக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள்.

"வாளிய எங்க?" என்றார் பெர்க்மான்ஸ். துறைமுகத்தில் சங்கு ஊதியிருந்தது.

உடம்பு ஒடுங்க ஒடுங்க ஆசைகளும் உதிர்ந்தன. கருவாட்டை மூக்கருகே ஆட்டினாலும் அசைவில்லை. ஒரு மத்தியானம், கடைக்குப் போயிருந்தவள் கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். பெர்க்மான்ஸ் அவள் பக்கம் கண்ணைத் திருப்பினார். தொண்டை ஏறி இறங்கியது. குடலே கழன்று வந்ததுபோல், பச்சைப் பித்தத்தை அவள் காலடியில் கக்கினார்.

ஜெசிந்தாவின் முகம் புதுப்பெண்ணைப்போல் சிவந்தது. "சுபேதா! என்னையப் பாத்து எடுத்துட்டாரு, என்னையப் பாத்து!"

சுபேதா குரலைத் தாழ்த்தினாள். "இனிமே சரக்கு அவருக்கு உள்ள எறங்காது எக்கா. ரெண்டு நாள் தாங்குனாலே பெருசு. குமட்டியக் கழத்திருதேன், நீங்க பக்கத்துல உக்காருங்க."

"ஜெசி," என்று முனகினார் பெர்க்மான்ஸ். "கழத்தச் சொல்லு... நீ கிட்ட இரு."

கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் போதை பேசிய இனிப்பு வார்த்தைகளை ஆயிரம் கேட்டுச் சலித்தவள் அவள். வாய் பொய் சொல்லும், வாந்தி சொல்லாது. நர்ஸின் கையைத் தட்டிவிட்டு வெளியே போனாள். தலையைக் கோதிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். அவர் உடம்பு முழுக்கக் குலுங்க ஓங்கரித்தார். அவள் கண் சொக்கியது. மறுபடி வெளியே போனாள்.

பொழுது சாய்வதற்குள் கக்குவதற்குப் பித்தமும் மிச்சமில்லை. வெறும் காற்றும் கொஞ்சம் ரத்தமும்தான் வந்தன.

"போதும் எக்கா! மனுசன் தாங்கமாட்டாரு." சுபேதா வாசலை மறித்துக் கைகளை விரித்து நின்றாள்.

ஜெசிந்தாவின் விரல்கள் நடுங்கின. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. சுபேதாவின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள்:

"ஒரே ஒரு தடவ, தாயி. மாதா மேல சத்தியமா இதான் கடைசி."