அச்சப் பூட்டு

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் காலை ஏலம் முடிந்ததும் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். பணம் கட்டும் நேரம் அது. தரகர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் இருந்த இடத்திலேயே நிற்பார்கள், டீக்காரர்கூட டம்ளரை ஓசைப்படாமல் வைப்பார். வாங்குகிறவர் தன் நாடி அட்டையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, மூச்சை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டு, பச்சை விளக்குக்காகக் காத்திருப்பார்.

பரணீதரனுக்கு மட்டும் காத்திருப்பே கிடையாது. அட்டையைத் தொட்டதும் பச்சை. அதற்காகவே மண்டி முதலாளி அவனை வேலைக்கு வைத்து, கடைக் கணக்கில் அவன் நாடியையும் பதிந்திருந்தார். “நம்ம பரணிக்கு ஒடம்புல ரத்தம் ஓடுதுங்களா, மோர் ஓடுதுங்களா?” என்று தரகர்கள் கிண்டல் செய்வார்கள். அவன் ஒரு வித்தை வைத்திருந்தான். மனசுக்குள் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பான். அது ஒடிகிற சத்தத்தைக் கேட்பான், உள்ளே இருக்கும் நிறத்தைப் பார்ப்பான். நாடித் துடிப்பு தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.

முன்பெல்லாம் கார்டை வைத்து நடந்த கொள்ளைக்குக் கணக்கே இல்லை. ரகசிய எண் வந்தது, கைரேகை வந்தது, கண்ரேகை வந்தது. திருடர்கள் எதையும் உடைக்கவில்லை. அவ்வளவு மெனக்கெட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? போன் போட்டு, “போலீஸ் பேசறோம், உங்க பையன் எங்ககிட்ட இருக்கான்” என்று மிரட்டினார்கள். பயந்துபோன மனிதர்கள் தங்கள் கையாலேயே பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் கொடுத்தார்கள். கடைசியில் யாரோ ஒரு மகாபுத்திசாலி, பூட்ட வேண்டியது கணக்கை அல்ல, பயத்தை என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பயந்தவர் கையில் அட்டை வேலை செய்யாது. ஒருவருக்காக இன்னொருவர் கட்டும் பணமும் ஒரு நாள் நிறுத்திவைக்கப்படும். நோட்டுகள் ஏற்கெனவே ஒழிந்திருந்தன. மோசடி அடியோடு நின்றது, ஊரே கொண்டாடியது. ஆஸ்பத்திரிகளை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பரணீதரனின் மகள் பூவிழிக்கு ஐந்து வயது. வயிற்றுவலி என்று சுருண்டவளை அவனும் மனைவி கனிஷ்காவும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“குடல்வால் வெடிச்சிருச்சுங்க. ஆபரேஷனத் தள்ளிப் போடக் கூடாது. பணத்தக் கட்டிருங்க, உடனே எடுத்துக்கறோம்.”

கனிஷ்கா அட்டையை வைத்தாள். சிவப்பு. ‘நீங்கள் அச்சத்தில் இருக்கிறீர்கள். யாரேனும் உங்களை வற்புறுத்துகிறார்களா?’ என்று அட்டை பரிவோடு கேட்டது.

“ஆமா, எம்புள்ள வற்புறுத்தறா” என்றாள் அவள். திரும்பத் திரும்ப வைத்தாள். அட்டை மறுநாள்வரை முடங்கிப்போனது.

கவுண்டரில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள். “அமைதி அறைல கொஞ்சம் உக்காந்துட்டு வாங்கக்கா. மீன் தொட்டி இருக்குதுங்க. எல்லாரும் அங்க போயிட்டுத்தான் கட்டறாங்க.”

“புள்ள உள்ள துடிக்கறா, என்னைய மீன் பாக்கச் சொல்றியா கண்ணு?”

பிறகு அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நீங்க கட்டீருவீங்க. மண்டில தெனமும் கட்டறீங்கல்ல.”

அவன் மனசுக்குள் மஞ்சளை எடுத்தான். அது ஒடியவில்லை. எடுத்த கையில் பூவிழியின் விரல்தான் இருந்தது. சிவப்பு. மறுபடியும் சிவப்பு. இன்னொரு முறை வந்தால் அவன் அட்டையும் முடங்கிவிடும்.

அமைதி அறையில் தண்ணீர் சலசலக்கும் ஒலி ஓடிக்கொண்டிருந்தது. பரணீதரன் மீன்களைப் பார்த்தபடி கணக்காக யோசித்தான். பிள்ளை செத்துவிடுவாளோ என்பதுதானே பயம்? செத்தேபோய்விட்டால் அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது?

கண்ணை மூடி அவளைச் சாகவிட்டான். அரைகுறையாக நினைத்தால் அட்டை கண்டுபிடித்துவிடும் என்று ஒன்றுவிடாமல் நினைத்தான். காவிரிக்கரையில் சின்னக் குழி. ஈர மண். அவளுடைய சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொன்னான். கொடியில் காய்ந்த கவுனை மடித்து அலமாரியின் அடியில் வைத்தான். நெஞ்சு வெடிக்க அழுதான். அழுகை நின்றது. பிறகு வீடு நிசப்தமாக இருந்தது, அவனும்.

எழுந்து போய் அட்டையை வைத்தான். பச்சை.

பூவிழி பிழைத்துக்கொண்டாள். கனிஷ்கா அவன் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நீங்க இல்லீன்னா இவ இல்லீங்க” என்று அழுதாள். குழந்தை விழித்து, “அப்பா” என்றது. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவன் பார்த்துச் சிரித்தான். களைப்பு என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை. சோறு ஊட்டினான், தலை சீவிவிட்டான், எல்லாம் கை செய்தது. புதைத்தவளைத் திரும்பக் கூட்டிவரும் வழியை அவன் யோசித்து வைக்கவில்லை. யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? பாவி, உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக அவன் உள்ளுக்குள் துக்கம் காத்துக்கொண்டிருந்தான்.

காயம் ஆறிய பிறகு ஒரு சாயங்காலம் மூன்று பேரும் கடைவீதிக்குப் போனார்கள். பூவிழி ஐஸ் கேட்டாள். பரணீதரன் கடையில் அட்டையை வைத்தான். விளக்கு எரிவதற்குள் எதையோ கண்டு குழந்தை ரோட்டுக்கு ஓடிவிட்டாள்.

லாரி பிரேக் கிறீச்சிட்டது. கனிஷ்கா அலறிக்கொண்டு பாய்ந்தாள். பக்கத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தவரின் அட்டை சிவந்தது. கடைக்காரர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. லாரி, குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

கனிஷ்கா அவளை வாரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கடைக்கு முன்னால் வந்ததும் அவள் பார்வை கணவனின் விரல்களுக்கு நடுவே நின்றது. பச்சை. ‘பணம் செலுத்தப்பட்டது. நன்றி.’

“ஏனுங்க,” என்றாள், “நீங்க பயப்படவே இல்லீங்களா?”

அவன் கடைக்காரர் நீட்டிய ஐஸை வாங்கி மகளிடம் நீட்டினான். பூவிழி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

கனிஷ்கா குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவனுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி நின்றாள்.