காலி எடை

"இன்னொரு வாட்டி எடை போடுங்க சிஸ்டர்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பதினோராம் நாள் காலையில் கேட்டேன்.

சுமலதா சிஸ்டர் பேனாவை மூடினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நைட்டியை மடித்து வைத்துவிட்டு, வேலைக்குப் போடும் சுடிதாரை நான் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"அத்த மட்டும் கேக்காதன்னு சொன்னேனா இல்லியா?" என்றார். கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி.

பத்து நாள் முன்பு வந்தபோது இங்கே பயப்பட எதுவும் இல்லை. கும்மிடிப்பூண்டி பைபாஸை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. பின்பக்கம் முழுக்க இரும்பு உருக்கும் கம்பெனிகள். ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். அண்ணன் முரளி என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நைனா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார்.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன். நான் கேட்டதல்ல. பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் பி.காம். பிடித்தது, சம்பளம் பிடித்தது, உடம்பு பிடிக்கவில்லை. ஆபரேஷன் முடியட்டும், தேதி குறிக்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் உட்கார்ந்து என் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். நான் அவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக முடியாது என்றே சொல்லிவந்தேன். பிறகு நைனா சாப்பிடுவதை நிறுத்தினார். பெரியபாளையம் பக்கத்தில் நெல் விளைவிக்கிற மனிதர், மூன்று நாள் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தார். நாலாம் நாள் நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் ரேகை வைத்தார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான்தான். படிப்பு அந்த இடத்தில் அவ்வளவுக்குத்தான் உதவியது.

கத்தி வைப்பதற்கு முன் ஈரல் சுருங்க வேண்டுமாம். அதற்குத் தண்ணீர் ஆகாரம்: மோரில் கரைத்த புரோட்டீன் பவுடர், வடிகட்டிய சூப், இளநீர். ஐந்து கிலோ இறங்கினால்தான் ஆபரேஷன் தியேட்டர். இதை மற்றவர்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். முரளிதான், வீட்டில் விட்டால் திருடித் தின்பாள் என்று என்னை இங்கே சேர்த்தான். ஆர்டர் போட்டுவிடுவேன் என்று போனையும் வாங்கிக்கொண்டான். வார்டு கதவுக்கு வெளியே வாட்ச்மேன் அந்தோணி. சேர்த்தவர் கையெழுத்துப் போட்டால்தான் நோயாளி வெளியே போகலாம். ஜன்னலில் கம்பி. நாலு கட்டில், மூன்று காலி.

தினம் காலை ஆறு மணிக்கு எடை. கதவருகே சுவரோரம் மிஷின். சிஸ்டர் சுவிட்சைப் போடுவார், சிவப்பு எழுத்தில் 0.0 வரும், நான் ஏறுவேன்.

முதல் நாள் 106.4.

மூன்றாம் நாள் 106.4.

ஆறாம் நாளும் அதேதான்.

முரளி வந்து என் தலையணையைத் தூக்கிப் பார்த்தான். "இன்னாடி, பாத்ரூம்ல பிரியாணி கடை வச்சிக்கினு இருக்கியா?" என்றான். கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தான். டாக்டர் நான் ஒளித்துத் தின்பதாக முடிவே கட்டிவிட்டார். பத்தாம் நாள், இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆனால் என் சுடிதார் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டிய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கி லொடலொடவென்று ஆடின. நான் இளைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை.

அதைவிட மோசம், ஒரு குரல்.

நாலாம் நாள் விடியற்காலையில் முதன்முதலாக அது காதில் விழுந்தது. எதிர்க் கட்டிலின் பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து, மூச்சை விட்டால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான்.

"சாப்ட்டியா?"

கூட்டுகிற அம்மா என்று நினைத்தேன். இன்னும் இல்லை என்று பதிலும் சொன்னேன். நம் ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதானே. பிறகு அந்தம்மாவிடமே விசாரித்தேன். இந்த வார்டில் அந்த வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது என்று தங்களுக்கு உத்தரவு இருக்கிறது என்றார். திரையை விலக்கிக் காட்டினார். விரிப்புகூட இல்லாத கட்டில்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். குரலோடு ஒரு வாடை வரும், பட்டினி கிடக்கிறவர்கள் வாயில் அடிக்கும் புளித்த வாடை. என் வாய்தான் என்று இரண்டு தடவை பல் விளக்கினேன். எட்டாம் நாள் அது என் காதருகே கேட்டது. அன்று நான் பதில் சொல்லவில்லை. என் போர்வை மெதுவாக, கால் பக்கமாக, ஒரு சாண் இறங்கியது.

கத்தினால் மனநல டாக்டரைக் கூட்டி வருவார்கள், இன்னொரு மாதம் ஆகும். வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டேன்.

எனக்கு எடை தெரியும். என் வேலையே அதுதான். இதே ஊரில் ஒரு கம்பி கம்பெனியில், லாரியோடு சேர்த்து எடை போடும் மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய இரும்பு ஏற்றிவரும் லாரியைச் சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு தடவை நிறுத்துவோம். சரக்கோடு நிற்கும்போது கிளீனர் பின்பக்கம் தொற்றிக்கொண்டு நிற்பான். அவன் எடையும் இரும்புக் கணக்கில் வந்துவிடும். அதனால் நான் எண்ணை நம்ப மாட்டேன், இறங்கி லாரியை ஒரு சுற்று சுற்றி வருவேன்.

சரக்கு குறைந்தும் மொத்த எடை குறையவில்லை என்றால் ஒன்றுதான் அர்த்தம்.

யாரோ தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தப் பதினோராம் நாள் காலையில் இதையெல்லாம் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, விட்டுவிட்டுச் சொன்னார். போன வருஷம் நர்மதா என்று ஒரு பெண். பழவேற்காடு பக்கம் மீன் பிடிக்கிறவர்கள் வீட்டுப் பெண். அவளையும் இதே மாதிரி சேர்த்துவிட்டுப் போனார்கள். வீட்டு ஆட்கள் வந்து பார்க்கவே இல்லை. எடை இறங்கினால் அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி, மோரைக்கூடக் கீழே ஊற்றிவிட்டாள். யாருக்கும் தெரியாது. தினமும் அஞ்சு தடவை, பத்து தடவை, இன்னொரு வாட்டி போடுக்கா, இன்னொரு வாட்டி போடுக்கா என்று மிஷினைச் சுற்றியே வருவாள்.

"கடசீல இந்த மிஷின் மேலதான் உயுந்தா," என்றார் சிஸ்டர். "நான் எட்த்து நிறுத்தறதுக்குள்ள உசுரு பூட்ச்சி. ஒரு வாட்டியாவது சாப்ட்டியான்னு நான் கேட்டுருக்கணும்மா."

"சுவிட்சப் போடுங்க," என்றேன்.

"வேணாம் வினோதா."

"போடுங்கக்கா."

போட்டார். 0.0.

ஏறினேன். பாதத்துக்கு அடியில் இரும்புத் தகடு ஜில்லென்றிருந்தது. எண்கள் ஓடி நின்றன. 106.4.

"இப்ப நான் எறங்கறேன். நீங்க எண்ண மட்டும் பாருங்க."

வலது காலை எடுத்தேன். பிறகு இடது காலை.

தரையில் நின்றேன்.

மிஷின் மேல் யாரும் இல்லை.

9.6.

பின்னால் கம்பெனியில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதி ஓய்ந்தது. எண் அசையவில்லை. பத்து நாளில் என் உடம்பிலிருந்து போனது மொத்தமும் அங்கே நின்றுகொண்டிருந்தது. தகட்டின் மேல் ஈரமாக இரண்டு பாதங்கள் படிந்திருந்தன. என் காலைவிடச் சின்னவை. விரல்கள் என் பக்கம் திரும்பியிருந்தன.

சிஸ்டர் கோட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டார்.

புளித்த வாடை. மிக அருகில்.

"சாப்ட்டியா?"

இந்தத் தடவை அவருக்கும் கேட்டது.

பயம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்குக் கீழே கோபம்தான் இருந்தது. அவள் மேல் இல்லை. காகிதத்தில் ரேகை வாங்கினவர்கள் மேல், தலையணையைத் தூக்கிப் பார்த்தவன் மேல், தலையாட்டிய என் மேல். இளைப்பதா வேண்டாமா என்று என்றைக்காவது நான் யோசிக்கலாம். அது என் யோசனையாக இருக்கும். முடிவை விடியற்காலையில் குளிக்கும்போதே எடுத்துவிட்டேன். எடை போடச் சொன்னது ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான். வெளியே போகிறது ஒருத்தியா, ரெண்டு பேரா?

"இன்னும் இல்ல நர்மதா," என்றேன். "நீயும் சாப்பிடல. வா."

பையை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன்.

அந்தோணி எழுந்து குறுக்கே கையை நீட்டினார். "அண்ணன் கையெத்து இன்னாம்மா ஆச்சி?"

"எனக்கு இருவத்தாறு வயசுண்ணே. நோட்ட குடுங்க."

போகிறேன் என்று எழுதி, முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"உட்டுடுண்ணே," என்றார் சிஸ்டர்.

கீழே கேன்டீனில் வெங்காயம் வதங்கும் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. முதல் படியில் கால் வைத்தபோது, பின்னால் மிஷின் ஒரு தடவை கீச்சிட்டது. சிஸ்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஜீரோ காட்டுதும்மா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. படி இறங்க இறங்க, பத்து நாளாக லொடலொடத்த இடது கை வளையல்கள் சத்தமே போடவில்லை. ஜில்லென்று, கெட்டியாக, யாரோ அவற்றோடு சேர்த்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்.